ஆறு பை உப்புத் தண்ணீர்

பொள்ளாச்சிப் பக்கத்தில் வசந்தாமணி கை வைத்து எழுந்திருக்காத மாடு கிடையாது. இதை யாரும் மறுத்துப் பேச வேண்டாம். ஒன்றிரண்டு செத்திருக்கலாம், அதெல்லாம் நேரத்துக்கு ஆள் அனுப்பாதவர்களின் மாடு. கன்று போட்ட மறுநாள் சில மாடுகள் காது சில்லிட்டு, கழுத்தை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு படுத்துவிடும். பாலோடு சேர்ந்து உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் இறங்கிப்போய்விட்டது என்று அர்த்தம். வசந்தாமணி கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குவாள். கழுத்து நரம்பில் ஊசியைப் போட்டு, ஒரு கையால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டி மாட்டின் நெஞ்சைக் கேட்டபடியே மெல்ல மெல்ல ஏற்றுவாள். அவசரப்பட்டால் நெஞ்சு நின்றுபோகும். அவசரப்படாவிட்டால், பாட்டில் காலியாகும் நேரத்தில் மாடு சாணி போட்டுவிட்டு எழுந்து நிற்கும். அப்படி நூற்றுக்கணக்கில் எழுப்பியவள் அவள்.

சென்னையில் கால்நடை டாக்டருக்குப் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். தொண்ணூற்றொன்றில் கணவன் சேனாபதிக்கு கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. மில்பிடாஸில் இரண்டு அறை அபார்ட்மென்ட். மாடி ஜன்னலைத் திறந்தால் கிழக்கே காய்ந்த புல் மலை தெரியும், அதில் புள்ளி புள்ளியாக மாடுகள் மேயும். அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பார்க்க மட்டும்தான் முடியும். இந்த ஊரில் மறுபடி பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கும் வரை அவள் டாக்டர் இல்லை. கிரீன் கார்டு வேறு பாதி வழியில் நின்றது.

சும்மா இருக்கிற பெண்ணா அவள்? மலை அடிவாரத்தில் ஒரு குதிரை லாயம் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே போய் சம்பளம் இல்லாமல் லத்தி அள்ளிப் போட்டுவிட்டு வருவாள். இது எப்படியோ தமிழ்ச் சங்கத்துப் பாட்லக் விருந்து வரைக்கும் போய்விட்டது. ஃப்ரீமாண்ட் சாரதா தயிர்சாதத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா வசந்தா, வீக்கெண்ட்ல குதிரைக் கொட்டாய் க்ளீன் பண்றியாமே, நெஜமாவா?”

“ஆமாங்க்கா.”

“டாக்டருக்குப் படிச்சுட்டு லத்தி அள்றியா! எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு சிரிச்சு சிரிச்சு பொரை ஏறிடுச்சு.”

“லத்தியப் பாத்தாத்தானுங்க்கா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியுங்களா? மூஞ்சி எல்லாத்துக்கும் சிரிச்சாப்பலதான் இருக்குது.”

சாரதா தட்டை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அந்த லாயத்துக்காரர்கள்தான் வசந்தாமணியை நெடுந்தூரக் குதிரை ஓட்டத்துக்கு முதலில் கூட்டிப்போனார்கள். ஐம்பது மைல் மலைப்பாதை. விடிகாலையில் கிளம்பினால் வந்து சேரப் பொழுது சாயும். ரேஸ்கோர்ஸ் ஓட்டம் போல இரண்டு நிமிடத்துச் சமாச்சாரம் அல்ல. வழியில் இரண்டு மூன்று இடங்களில் குதிரையை நிறுத்தி டாக்டர்கள் பார்ப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் நாடி அறுபதுக்கு இறங்க வேண்டும், வயிறு இரைய வேண்டும், ஈறு ஈரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஓர் ஆள் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எழுதுகிற வேலையை வசந்தாமணிக்குக் கொடுத்தார்கள். எழுதுகிற ஆள் பேசக்கூடாது. அதுதான் ஒரே சட்டம்.

முதல் வருடம் அவள் பேசாமல்தான் இருந்தாள். அதை அவள் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை.

தொண்ணூற்றைந்து ஆகஸ்ட். செம்பழுப்புக் குதிரை ஒன்று ஓட்டத்தை முடித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைத் திரும்பியும் பார்க்காமல் நின்றது. அதன் விலாப்பக்கம் விக்கல் எடுப்பது போலத் துடித்துக்கொண்டிருந்ததை அவள் கண்டாள். டாக்டர் வேறு குதிரையிடம் போயிருந்தார். சொல்ல வாய் எடுத்தாள். அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது சேனாபதி சொன்னது காதில் கேட்டது: “அங்க போயி டாக்டர்னு காட்டிக்காத புள்ள. லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பாத்தான்னு எவனாச்சும் எழுதிப் போட்டா கிரீன் கார்டு அவ்வளவுதான். வாயத் தொறக்காத.”

திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்தக் குதிரை விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், வண்டியிலேயே செத்துப்போனது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சேனாபதி கேட்டான்: “உன்ற குதிரையா அது? எவன் குதிரையோ.”

“எவன் குதிரையோதானுங்க. பாத்த கண்ணு என்னுது.”

அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் மில்பிடாஸ் லைப்ரரி மூலம் எங்கெங்கோ இருந்து குதிரை வைத்தியப் புத்தகங்களை வரவழைத்து, ஒரு வருடம் உட்கார்ந்து படித்தாள். அந்த விக்கலுக்கு என்ன பெயர், ஏன் வருகிறது, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று சமையல்கட்டில் குழம்பு கொதிக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மறுவருடம் அதே ஓட்டம், அதே ஆகஸ்ட். சியரா மலையடிவாரத்தில் வெயில் வாணலி போலக் காய்ந்தது. இந்த முறை சேனாபதியும் கூட வந்திருந்தான். மனைவிக்குத் துணை என்று சொல்லிக்கொண்டான். காவல் என்றுதான் சொல்ல வேண்டும். குதிரை என்றால் அவனுக்கு உள்ளூர நடுக்கம். வெள்ளை வெளேரென்ற புது ஷூ போட்டுக்கொண்டு, எந்தக் குதிரைக்கும் இருபதடி தள்ளியே நின்றான்.

முப்பத்தாறாவது மைல் நிறுத்தத்தில், பெரிய ஓக் மரத்தடியில், மத்தியானம் மூன்று மணிக்கு லோரெய்ன் என்ற தபால்காரம்மாவின் சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை வந்து நின்றது. சேஜ் என்று பெயர். நல்ல அரபிக் குதிரை. வியர்வை காய்ந்து உடம்பெல்லாம் உப்பளம் போல வெள்ளை பூத்திருந்தது. அன்று இரண்டே டாக்டர்கள். பெரியவர் ஹாலோரன், பள்ளத்தில் சறுக்கி விழுந்த இன்னொரு குதிரையைப் பார்க்கப் போயிருந்தார். மரத்தடியில் இருந்தது இளையவர் க்ரெய்க். கெட்டிக்காரர்தான், ஆனால் அதுவரை பார்த்ததெல்லாம் ரேஸ்கோர்ஸ் குதிரைகள்.

“நாடி எழுபத்தாறு,” என்றார் க்ரெய்க். வசந்தாமணி எழுதினாள். அரை மணி கழித்தும் எழுபத்தாறு. ஈறை அழுத்தி விட்டார். சிவப்பு திரும்ப நான்கு வினாடி ஆயிற்று. வயிற்றில் காது வைத்தார், சத்தமே இல்லை. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார், கிள்ளியபடியே நின்றது. லோரெய்ன் வாளியை வாயருகில் வைத்துக் கெஞ்சினாள். குதிரை மூக்கைத் திருப்பிக்கொண்டது.

பிறகு விலா துடிக்க ஆரம்பித்தது. டக், டக், டக்.

வசந்தாமணியின் பேனா நின்றது. போன வருடத்துச் செம்பழுப்புக் குதிரையே எழுந்து வந்து எதிரில் நிற்பது போல இருந்தது.

க்ரெய்க் கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார். கழுத்து நரம்பில் தடித்த ஊசிக்குழாயைப் பொருத்தி, ஐந்து லிட்டர் உப்புத் தண்ணீர்ப் பையை மாட்டினார். அது சரி. அடுத்து மருந்துப் பெட்டியிலிருந்து சோடா உப்பு மருந்தை எடுத்தார். ஓடிக் களைத்த குதிரைக்கு ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும், இது அதை முறிக்கும் என்று லோரெய்னிடம் சொன்னார்.

வசந்தாமணி அட்டையைக் கீழே வைத்தாள்.

“டாக்டர், சோடா வேண்டாம்.”

இருபதடிக்கு அப்பாலிருந்து சேனாபதி குரல் கொடுத்தான்: “வசந்தா! வேண்டா புள்ள!”

அவள் திரும்பவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். “இரண்டு நிமிஷ ரேஸ் குதிரைக்குத்தான் அமிலம் ஏறும். இது காலையிலிருந்து வியர்த்த குதிரை. உப்பு, பொட்டாசியம், கால்சியம் எல்லாம் வியர்வையிலேயே போய்விட்டது. ரத்தம் இப்போது நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சோடா கொடுத்தால் இருக்கிற கால்சியமும் உதவாமல் போகும். இதற்குக் கால்சியம் வேண்டும்.”

க்ரெய்க் நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “நீங்கள் எழுத வந்தவர்தானே?”

“ஆமாம். உங்கள் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வையுங்கள். இந்தக் கையை இங்கே வையுங்கள்.” அவர் சரியென்று சொல்வதற்குள் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைக் குதிரையின் விலாவில் பதித்துவிட்டாள். அந்நிய ஆண்பிள்ளை கையை அவள் பிடித்ததைப் பார்த்துச் சேனாபதி வாயைப் பிளந்தான். “காதில் கேட்பதும் கையில் படுவதும் ஒன்றா, இல்லையா?”

க்ரெய்க் கேட்டார். நெஞ்சு ஒரு அடி அடித்தால் விலாவும் ஒரு தரம் துள்ளியது. இரண்டும் ஒரே தாளம். கால்சியம் குறைந்தால், நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் அதன் பக்கத்து நரம்பும் கூடச் சேர்ந்து துடித்து விலாவை இழுக்கும். பாடத்தில் ஒரு பக்கம் படித்திருப்பார், நேரில் பார்த்ததில்லை.

“நீங்கள் டாக்டரா?” என்று கேட்டார்.

சேனாபதி கண்ணை மூடிக்கொண்டான்.

“எங்கள் ஊரில் டாக்டர். இங்கே இல்லை. ஊசியை நான் தொட மாட்டேன். ஏற்றுவது உங்கள் கை. ஆனால் கால்சியம் ஏறும்போது நெஞ்சை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கில் மாடுகளுக்குக் கேட்டிருக்கிறேன். போன வருடம் இதே விக்கலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் குதிரை செத்துப்போனது. இன்று மூட மாட்டேன்.”

க்ரெய்க் ரேடியோவை எடுத்து ஹாலோரனைக் கூப்பிட்டார். பள்ளத்துக்குள் ரேடியோ எடுக்கவில்லை, இரைச்சல்தான் வந்தது. லோரெய்னைப் பார்த்தார். அந்த அம்மாள் குதிரையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு, “அவள் சொல்வதைக் கேளுங்கள், தயவுசெய்து,” என்றாள்.

மனிதன் நல்ல மனிதன். சோடா மருந்தைப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டுவிட்டுக் கால்சியம் பாட்டிலை எடுத்தார். தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வசந்தாமணி கழுத்தில் மாட்டினார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவள் கழுத்தில் ஏறிய ஸ்டெதாஸ்கோப் அது.

பையைத் தூக்கிப் பிடிக்க உயரம் வேண்டும். மரக்கிளை எட்டவில்லை. வசந்தாமணி திரும்பினாள்.

“ஏனுங்க, இங்க வாங்க.”

“நானா? குதிரைகிட்டயா?”

“குதிரைகிட்ட வேண்டாமுங்க. அந்த பிக்கப் வண்டி மேல ஏறுங்க, இந்தப் பையத் தூக்கிப் புடிங்க. நான் எறக்கச் சொன்னா எறக்கோணும். ஏத்தச் சொன்னா ஏத்தோணும்.”

“உதைக்காதுல்ல?”

“அது நிக்கவே முடியாம நிக்குது. உங்கள எங்கீங்க உதைக்கறது?”

ஏறினான். புது ஷூவோடு பிக்கப்பின் பின்தட்டில் நின்று, ஐயனார் கோயில் சிலை மாதிரி இரண்டு கையாலும் பையை உயர்த்திப் பிடித்தான். க்ரெய்க் அரை பாட்டில் கால்சியத்தைப் பைத் தண்ணீரில் கலந்தார். வசந்தாமணி குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

“லாபம்,” என்றாள்.

“அது என்ன?” என்றாள் லோரெய்ன்.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்லித் தொடங்குவார்கள். அப்பன் அளந்ததைக் கேட்டு வளர்ந்தவள், முதல் பாட்டிலை எப்போதும் அப்படித்தான் எண்ணுவாள். அதையெல்லாம் விளக்க அப்போது நேரமில்லை. “முதல் பை,” என்று மட்டும் சொன்னாள்.

மெல்ல இறங்கியது தண்ணீர். நெஞ்சின் அடியை அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். பாதிப் பை இறங்கியபோது ஓர் அடி தவறியது. இன்னொன்று தவறியது. கையைத் தூக்கினாள்.

“நிறுத்துங்க! ஏனுங்க, பைய எறக்குங்க!”

க்ரெய்க் குழாயை இறுக்கினார். சேனாபதி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்திவிட்டான். வசந்தாமணி கண்ணை மூடிக் கேட்டாள். ஒன்று. ஒன்று. இடைவெளி. ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. தாளம் திரும்பி வந்து நின்றது.

“இப்ப ஏத்துங்க. முன்ன வந்ததுல பாதி வேகம் போதும்.”

முதல் பை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்தபோது விலாவில் துடிப்பு இல்லை. க்ரெய்க் கையை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நாடி அறுபத்துநான்கு.

இரண்டாவது பையில் கொஞ்சம் பொட்டாசியம் சேர்த்தார்கள். அதில் கால்சியம் கலக்காததால் இனி வேகமாகவே விடலாம். மூன்று, நான்கு என்று பைகள் இறங்கின. லோரெய்ன் ஈரப் பஞ்சால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நான்காவது பை பாதியில், குதிரையின் வயிற்றுக்குள் தூரத்து இடி போல ஏதோ உருண்டது.

“கேட்டதுங்களா?” என்று பிக்கப்பைப் பார்த்துக் கூவினாள் வசந்தாமணி.

“எனக்கு கை விட்டுப் போச்சு புள்ள, ஒண்ணும் கேக்கல!”

“வயிறு இரையுதுங்க! வயிறு இரையுது!”

ஐந்தாவது பை முடியும்போது, லோரெய்ன் கூப்பிடாமலே குதிரை கழுத்தை நீட்டி வாளிக்குள் மூக்கை விட்டது. அதுவரை தண்ணீரை ஏன் வேண்டாம் என்றது என்று க்ரெய்க் கேட்டார். “உடம்பில் உப்பு இருந்தால்தானே தாகம் தெரியும்? குதிரை வியர்வை நம் வியர்வையைவிட உப்பு. தண்ணீரோடு உப்பும் அதே அளவுக்குப் போய்விட்டால், காய்ந்து கிடப்பதே அதற்குத் தெரியாது. உப்பை உள்ளே திருப்பிக் கொடுத்தோம், தாகம் வந்தது,” என்றாள். எழுதுகிற அட்டையில் க்ரெய்க் அதை எழுதிக்கொண்டார். எழுதும் வேலை கை மாறிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

ஆனாலும் வசந்தாமணி இன்னும் சிரிக்கவில்லை. ஒன்று பாக்கி இருந்தது. உள்ளே விட்ட தண்ணீர் வெளியே வர வேண்டும். வந்தால்தான் சிறுநீரகம் பிழைத்தது என்று நிச்சயம். ஆறாவது பையும் முடிந்தது. முப்பது லிட்டர். குதிரை வாலை ஆட்டியது, அவ்வளவுதான். சேனாபதி கையை உதறிக்கொண்டு கீழே இறங்கி, காலிப் பைகளைப் பொறுக்கக் குனிந்தான். அவன் இறங்கிய இடம் குதிரைக்கு நேர் பின்னால்.

சேஜ் பின்னங்காலைச் சற்று அகட்டியது. வாலைத் தூக்கியது.

குழாயைத் திறந்துவிட்டது போல அடித்தது. நெற்றி முதல் பாதம் வரை சேனாபதி நனைந்துபோனான். வெள்ளை ஷூ மஞ்சளாயிற்று. மரத்தடியில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். லோரெய்ன் அழுதுகொண்டே தட்டினாள். க்ரெய்க் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். வசந்தாமணி ஓடிவந்து, நாறுகிற கணவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அமெரிக்கா வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

“பொழைச்சுக்கிச்சுங்க! பொழைச்சுக்கிச்சு!”

“குதிரை பொழைச்சுது. நான்?”

“உங்களுக்கென்னுங்க, தீர்த்தம் தெளிச்சாப்பல!”

வெயில் தாழ்ந்தபோது ஹாலோரன் பள்ளத்திலிருந்து வந்து சேர்ந்தார். குதிரை புல் தின்றுகொண்டிருந்தது. காலிப் பைகளை எண்ணினார், அட்டையைப் படித்தார், ஈறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் க்ரெய்க்கிடம் நடந்ததைக் கேட்டார். க்ரெய்க் ஒளிக்காமல் சொன்னார்: தான் சோடா கொடுக்கப் போனதையும், இந்த அம்மாள் தடுத்ததையும். கிழவர் வசந்தாமணியின் முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். “பரீட்சைக்கு எப்போது எழுதிப் போடுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள், நனைந்த சட்டையோடு நின்ற சேனாபதி சொன்னான்: “நாளைக்கு. நாளைக்கே அப்ளை பண்றோம்.”

கிரீன் கார்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. யாரும் எதையும் எழுதிப் போடவில்லை. மறு வருடமே தபாலில் வந்து சேர்ந்தது. பரீட்சைகளோ அடுக்கடுக்காக வந்தன. ஒன்றில் தவறினாள், இங்கிலீஷ் பேசும் பரீட்சையில், வேறெதில்? மறுபடி எழுதினாள். பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. இடுப்பு ஒடிந்தது, அவள் ஒடியவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு வசந்த காலத்தில் லைசென்ஸ் வீட்டுக்கு வந்தது. சாரதாவே போன் பண்ணி, தன் வீட்டுப் பூனைக்கு இரண்டு நாளாக வாந்தி என்று சொன்னாள். “அள்ளிக் கொண்டாங்க்கா, பாத்தாத்தான் தெரியும்,” என்றாள் வசந்தாமணி. பூனையைத்தான் சொன்னாளா என்று சாரதா இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஆகஸ்டில் அதே ஓக் மரத்தடியில் டாக்டர் வசந்தாமணி நின்றாள், கழுத்தில் சொந்த ஸ்டெதாஸ்கோப்போடு. பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக எழுத நின்றவன் சேனாபதி. குதிரைக்கு மூன்றடி வரை வந்துவிட்டிருந்தான். காலில் ரப்பர் பூட்ஸ்.

“நாடி நாற்பத்தெட்டு,” என்றாள். எழுதினான்.

“வயிறு நல்லா இரையுது.” எழுதினான்.

வரிசையில் அடுத்து லோரெய்ன், சேஜ் மேல் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயசுக் குதிரை, காதை முன்னால் நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றது. வசந்தாமணி அதை ஓட்டிக் காட்டச் சொன்னாள். போய் வந்தது.

“வசந்தா, பின்னங்கால் சித்தெ நொண்டறாப்பல இல்ல?” என்றான் சேனாபதி.

“எழுதற ஆளு பேசக் கூடாதுங்க.”

சேனாபதி பேனாவை மூடினான். “நீ பேசுனியா இல்லியா?”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு லோரெய்னைப் பார்த்து, “இன்னொரு தடவை ஓட்டுங்கள்,” என்றாள். குதிரை மறுபடி ஓடிப்போய்த் திரும்பி வந்தது, நாலு காலும் மத்தளம் போலச் சீராக.

“நொண்டவே இல்லீங்க.”

“இல்லைன்னா நல்லதுதானே,” என்று சொல்லிவிட்டு அவன் பேனாவைத் திறந்தான். “சொல்லுங்க டாக்டர்.”